மறுமொழி: ரோமானிய ‘வில்லா’வுக்குத் தமிழ்ச்சொல் – பண்ணைமனை?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ரோமானியர் ஊருக்கு வெளியே கட்டிய ‘வில்லா’வுக்கும் அதன் உட்பகுதிகளுக்கும் நாம் சேர்த்துவரும் தமிழ்ச்சொல் பட்டியலைப் பற்றி உங்களில் ஒருவர் எழுதியது இது:

> ‘நாட்டுப்புற மாளிகை’ என்றே எழுதிவிடலாமே. படிப்பவருக்குச் சட்டென்று புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். மாளிகை என்றதும் தூணும் சலவைக்கல்லும்தான் கண்முன் நிற்கும். இத்தாலியில் பொம்பேயி நகருக்கு அருகே போஸ்கோரேயாலேயில் உள்ள வில்லா ரெஜினாவைப் பாருங்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை கக்கியதில் புதைந்துபோன சிறிய வீடு அது. அதன் முற்றத்தில் 18 பெரிய சாடிகள், வாய் மட்டும் வெளியே தெரியும்படி மண்ணுக்குள் இறக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 10,000 லிட்டர் பிடிக்கும். திராட்சைச் சாறு நொதித்தது அவற்றில்தான். இதுவும் வில்லாதான். மாளிகை என்று பெயர் சூட்டினால் அந்தச் சாடிகளே சிரிக்கும்.

‘பண்ணை வீடு’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் இன்று அது சனி, ஞாயிறு போய்த் தங்கும் இடம். ‘வில்லா’ என்று அப்படியே எழுதலாம் என்றால், வீடு விற்பவர்களின் விளம்பரங்கள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டன.

எனவே ‘பண்ணைமனை’. ரோமானியச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகவே பிரிக்கிறது: ஊருக்கு வெளியே உள்ள கட்டடம் வில்லா, நிலமும் கட்டடமும் சேர்ந்தது ஃபுந்துஸ். ஃபுந்துஸ் பண்ணை, அதில் நிற்கும் கட்டடம் பண்ணைமனை. ‘மனை என்றால் காலி நிலம் அல்லவா’ என்று கேட்கப்போகிறீர்கள். பத்திரப் பதிவில் அப்படித்தான். மனைவி, மனையறம் எல்லாம் காலி நிலத்திலா நடக்கின்றன?

அடுத்து உட்பகுதிகள். வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா வில்லாவை மூன்றாகப் பிரிக்கிறார்: உர்பானா, ருஸ்திகா (வேலையாட்கள் இருக்கும் பகுதி), ஃப்ருக்துவாரியா (விளைச்சலைச் சேமிக்கும் பகுதி). முதலாவதைப் பட்டியலில் ‘நகர்ப்பகுதி’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்த்துத் திகைத்தேன். வயல் நடுவே நகரம் எங்கிருந்து வந்தது? உடையவன் நகரத்திலிருந்து வந்தால் தங்கும் பகுதி அது. ‘இரண்டு கட்டு வீடு’, ‘மூன்றாம் கட்டு’ என்று புழங்கும் நமக்குப் ‘பகுதி’ எதற்கு? உடையார் கட்டு, ஆள் கட்டு, விளைவுக் கட்டு என்று வைக்கலாம்.

‘ஆள் கட்டு’ எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது, மென்மையாகிவிடுகிறதோ என்று. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். விலங்கிட்டவர்களுக்கு நிலத்தடியில் ஓர் அறை வேண்டும், அதன் சன்னல்கள் குறுகலாகவும் கைக்கு எட்டாத உயரத்திலும் இருக்க வேண்டும் என்கிறார் கொலுமெல்லா. அதே மூச்சில், அந்த அறை கூடியவரை சுகாதாரமாக இருக்கட்டும் என்றும் சொல்கிறார்! எர்காஸ்துலம் எனப்படும் அந்த அறையைத் ‘தொழிலாளர் குடியிருப்பு’ என்று எழுதக் கூடாது; ‘தளைக் கொட்டடி’ என்றே எழுதுவோம். கட்டின் பெயரையும் ‘அடிமைக் கட்டு’ என்று மாற்றலாம் என்றால் எனக்குச் சம்மதம்.

விளைவுக் கட்டு முழுவதையும் ‘களஞ்சியம்’ என்று ஒரே சொல்லில் அடைக்கும் யோசனையை ஏற்க முடியவில்லை. தேறல் அறைக்கு வடக்கிலிருந்து வெளிச்சம் வர வேண்டும், எண்ணெய் அறைக்குத் தெற்கிலிருந்து. எண்ணெய் குளிரில் உறையக் கூடாது என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் காரணமும் சொல்கிறார். இரண்டு அறை, இரண்டு பெயர். (ஒயினுக்குத் ‘தேறல்’ என்பதில் தயங்க வேண்டாம். யவனர் நன்கலத்தில் தந்த ‘தண்கமழ் தேறல்’ புறநானூற்றிலேயே இருக்கிறது.) சாடிகளுக்கு ‘நிலத்தாழி’. பிழியும் கருவியைச் ‘செக்கு’ என்றால் சுற்றுவதாகத் தோன்றும். அங்கே நீண்ட மரத்தை நெம்புகோலாக அழுத்திப் பிழிந்தார்கள். ஆகவே ‘நெம்புபிழி’. ஆலிவ் காயை நசுக்கிய சுழலும் கல்லுக்குச் செக்கு பொருந்தும்.

பண்ணைமனை என்ற சொல் எல்லாக் காலத்துக்கும் தாங்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இத்தாலியின் லிதெர்னுமில் ரோமானியத் தளபதி ஸ்கிபியோ வாழ்ந்த வில்லாவில் பின்னாளில் தங்கிய தத்துவ அறிஞர் செனெகா, அதன் குளியலறை ஒடுக்கமாகவும் இருட்டாகவும் இருந்ததாக எழுதுகிறார். சிசிலியில் பியாத்சா அர்மெரினா அருகே 4ஆம் நூற்றாண்டில் எழுந்த வில்லாவிலோ ஏறத்தாழ 3,500 சதுர மீட்டருக்கு வண்ணக்கல் தரை. பின்னதை வேண்டுமானால் ‘பெரும் பண்ணைமனை’ என்போம்; நிலத்தோடு உள்ள உறவை வெட்டிவிட வேண்டாம்.

இன்னும் முடியாதது ஏட்ரியம், அதாவது நடுவே கூரை திறந்திருக்கும் கூடம். பட்டியலில் உள்ள ‘முன்முற்றம்’ நகர வீட்டுக்குச் சரி. வில்லாவில் வரிசை தலைகீழ்: வாசலை அடுத்துத் தூண்கள் சூழ்ந்த முற்றம், அதற்குப் பிறகே ஏட்ரியம் என்று விட்ருவியஸ் சொல்கிறார். பொம்பேயி மதிலுக்கு வெளியே உள்ள ‘மர்மங்களின் வில்லா’ அப்படித்தான் இருக்கிறது. பின்னால் இருப்பதை ‘முன்’ என்று எப்படி எழுதுவது? கூரைத் திறப்பின் கீழே மழைநீர்த் தொட்டி இருப்பதால், நம் தொட்டிக்கட்டு வீட்டை நினைத்துத் ‘தொட்டிக்கூடம்’ என்று குறித்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்; என் வில்லா வரைபடத்தில் அதைப் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.