மார்மன் சபையின் இளைய தலைமுறை: விலகுகிறார்களா, மாறுகிறார்களா?

கேள்வி – உப்பேரிக்கரை

வணக்கம். பணி நிமித்தமாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லீஹை நகரில் குடியிருக்கிறேன். என் அலுவலகத்தில் பலர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். மார்மன் என்று அழைக்க வேண்டாம் என 2018 முதல் சபைத் தலைமையே கேட்டுக்கொள்கிறது என்றாலும், பலருக்கும் தெரிந்த பெயர் அதுதான் என்பதால் இங்கே அதையே கையாள்கிறேன்.

ஐம்பது வயதைக் கடந்த சக ஊழியர்கள், சபை விலக்கியுள்ள காப்பியைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் செலுத்துவது குறித்து அவர்களிடம் தயக்கமே இல்லை. இருபதுகளின் பிற்பகுதியில் இருப்பவர்கள் அப்படி ஒரே வார்ப்பாக இல்லை. அவர்களில் ஒருவர் சபையின் நம்பிக்கையைப் பரப்பும் இரண்டாண்டு ஊழியத்தை முடித்தவர், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குச் செல்பவர். ஆனால் காலையில் கையில் குளிர்காப்பியோடுதான் அலுவலகத்துக்கு வருகிறார். இன்னொருவரோ ஊழியம் முடித்துத் திரும்பிய சில காலத்திலேயே சபையைவிட்டு முழுவதுமாக விலகிவிட்டார். அமெரிக்காவில் எல்லா மதங்களிலும் இளைஞர்கள் விலகுவதாகச் சொல்லப்படுகிறதே, இதுவும் அதன் ஒரு பகுதிதானா? அல்லது இந்தச் சபைக்கே உரிய காரணங்கள் உண்டா?

பதில் 1 – கூடலூரான்

இரண்டும் உண்டு என்பேன். மார்மன் குடும்பத்தில் வளர்ந்தவர்களில் எத்தனை பேர் பெரியவர்களான பின்னும் தம்மை மார்மன் என்றே கூறிக்கொள்கிறார்கள் என்று அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம் கணக்கெடுத்தபோது, 2007இல் 70 விழுக்காடாக இருந்தது 2014இல் 64 ஆகக் குறைந்திருந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இதே சரிவைச் சந்தித்தவர்கள்தாம். ஆனால் எட்டு வயதில் ஞானஸ்நானம், பள்ளிப் பருவத்தில் அன்றாட மறைக்கல்வி, அதன்பின் ஊழியம், ஆலயத் திருமணம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு படியை முன்கூட்டியே கட்டிவைத்திருக்கும் சபையிலும் இந்தச் சரிவு ஏற்பட்டிருப்பதுதான் ஆராயத்தக்கது.

ஜேனா ரீஸ், பெஞ்சமின் நால் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 2016இல் உறுப்பினர்களிடமும் விலகியவர்களிடமும் தனித்தனியாகக் கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் பலதார மணம் போன்ற வரலாற்றுச் செய்திகளை இணையத்தில் படித்துவிட்டுத்தான் இளைஞர்கள் போகிறார்கள் என்பது யூட்டாவில் நீங்களும் அடிக்கடி கேட்டிருக்கக்கூடிய விளக்கம். அந்த ஆய்வில் இளையோர் முதன்மையாகச் சொன்ன காரணங்கள் வேறு: சபையினர் தங்களை எடைபோடுகிறார்கள், புரிந்துகொள்வதில்லை என்ற உணர்வு, சர்ச்சைக்குரிய செய்திகளில் தலைமை உண்மையைப் பேசும் என்ற நம்பிக்கை இல்லாமை, அடுத்ததாக, தன்பாலீர்ப்பாளர்களைச் சபை நடத்தும் விதம். இந்த மூன்றாவது காரணத்தை மூத்த தலைமுறையினர் அவ்வளவாகக் குறிப்பிடவில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று பின்னியவை. 2015 நவம்பரில், ஒரே பாலினத்தவரை மணந்தோர் விசுவாச துரோகிகளாகக் கருதப்படுவர் என்றும், அவர்களுடைய பிள்ளைகள் 18 வயதாகும்வரை ஞானஸ்நானம் பெற முடியாது என்றும் ஒரு விதி வந்தது. 2016 ஜனவரியில், அப்போது சபையின் உயர் தலைவர்களுள் ஒருவராக, மூத்த அப்போஸ்தலராக இருந்த ரசல் நெல்சன், அது இறைவன் வெளிப்படுத்தியது என்று இளையோர் கூட்டத்தில் விளக்கினார். 2019 ஏப்ரலில், அவரே சபைத் தலைவராக இருந்தபோது, அந்த விதி திரும்பப் பெறப்பட்டது. இயற்றப்பட்டதும் இறைச்சித்தம், நீக்கப்பட்டதும் இறைச்சித்தம் என்றால் இடைப்பட்ட காலத்தில் மனம் நொந்தவர்களுக்கு என்ன விடை என்பதே என்னோடு படித்த மார்மன் நண்பர்கள் எழுப்பிய கேள்வி. பெற்றோர் தலைமுறை 1978இல் இதைவிடப் பெரிய திருப்பத்தைக் கண்டது. கறுப்பின ஆண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், அந்த ஆண்டில்தான் வழங்கப்பட்டது. ஆனால் அதை அவர்கள் பெரும்பாலும் விடுதலையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பதில் 2 – தமிழ்ச்செல்வி

கூடலூரான் ஐயா கூறியவற்றோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆயினும் விலகியவர்களை மட்டுமே பார்த்தால் பெண்களிடம் நிகழ்ந்த மாற்றம் கண்ணில் படாமல் போய்விடும். நான் சால்ட் லேக் நகரில் முதுகலை படித்தவள்; என் அறைத்தோழியர் அனைவரும் ஊழியம் முடித்துத் திரும்பியவர்கள்.

2012 அக்டோபரில், அன்றைய தலைவர் தாமஸ் மான்சன் ஊழியத்துக்கான குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19 ஆகவும் குறைத்தார். இந்தச் சபையின் அண்மைக்கால வரலாற்றில் இதைவிட விளைவு மிகுந்த அறிவிப்பு வேறில்லை என்பது என் கருத்து. 21 வயதுக்குள் பல பெண்களுக்குத் திருமணமாகிவிடும் என்பதால் ஊழியம் அதுவரை ஆண்களின் கடமையாகவே இருந்தது. வயது குறைந்ததும் பெண்கள் பெருந்திரளாகச் சென்றார்கள். பதினெட்டு மாதம் முன்பின் அறியாத நாட்டில் தங்கி, அந்நாட்டு மொழியைக் கற்று, வேதத்தைப் போதித்து, தம் வயதொத்தோரை வழிநடத்திவிட்டு ஊர் திரும்பிய அந்தப் பெண்ணுக்கு, சொந்த ஊர்ச் சபைப் பிரிவில் அதன் தலைவரான ஆயராகவோ ஆயரின் ஆலோசகராகவோ ஆக வழியில்லை. ஆசாரியத்துவம் ஆண்களுக்கே உரியது. ஆராதனையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இராப்போசன அப்பத்தைப் பரிமாற எழும்போது தான் அமர்ந்தே இருக்க வேண்டியிருப்பது ஊழியத்துக்குப் பிறகுதான் உறுத்தத் தொடங்கியது என்று ஒரு தோழி கூறினாள்.

பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என 2013இல் இயக்கம் தொடங்கிய கேட் கெல்லியைச் சபை 2014இல் வெளியேற்றியது. ஆனால் 2019இல் ஆலயச் சடங்குகளில் பெண்கள் தொடர்பான பகுதிகள் அமைதியாகத் திருத்தப்பட்டன. அதே ஆண்டில் ஞானஸ்நானத்துக்குப் பெண்களும் சாட்சியாக நிற்கலாம் என்றார்கள். கேட்டவரை வெளியே நிறுத்திவிட்டு, கேட்டதில் ஒரு சிறு பகுதியைப் பிற்பாடு கொடுப்பது இந்தச் சபைக்குப் பழகிய வழி. என் தோழியரில் சிலருக்கு அது போதுமானதாக இருந்தது, சிலருக்கு இல்லை. மேலும், நாட்டிலேயே மிக உயர்ந்த பிறப்பு விகிதத்துக்குப் பெயர்பெற்றிருந்த யூட்டாவில் இன்று சராசரியாக ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள்கூட இல்லை. தாய்மையே பெண்ணின் முதற்பணி என்ற போதனை அப்படியே இருக்கிறது. அதை எப்போது, எவ்வளவு ஏற்பது என்பதை இவர்கள் தாங்களே தீர்மானிக்கிறார்கள். உங்கள் அலுவலகத்துக் குளிர்காப்பியும் அந்த வகையில் சேர்ந்ததுதான்.

பதில் 3 – அடையாறு வாசகர்

நான் சென்னையில் இருபது வயதுக்குப் பிறகு இந்தச் சபையில் சேர்ந்தவன். மேலே உள்ள இரண்டு பதில்களையும் மதிக்கிறேன். ஆனால் இரண்டும் யூட்டாவையே சபையாகக் கொள்கின்றன. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவுக்கு வெளியே வாழ்கிறோம். 2024இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாக ஞானஸ்நானம் பெற்றதாகச் சபை அறிவித்தது. அங்கே தாத்தா காலத்திலிருந்து வரும் ஒழுக்கத்தை ஓர் இளைஞர் தளர்த்திக்கொள்ளும்போது, இங்கே எங்களைப் போன்றோர் அதே ஒழுக்கத்தைத் தேடிச் சென்று ஏற்கிறோம். உறவினர் வீட்டில் காப்பியும் தேநீரும் இரண்டுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அமர்ந்திருப்பது தமிழ்நாட்டில் எவ்வளவு சங்கடம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 2018இல் பெங்களூருக்கு ஆலயம் அறிவிக்கப்பட்ட நாளில் எங்கள் இளையோர் மகிழ்ந்த மகிழ்ச்சியை எந்த அமெரிக்கக் கருத்துக்கணிப்பும் பதிவு செய்யவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சபையின் முதலீட்டு நிறுவனம் தன் பங்குகளை வெளிப்படையாகக் காட்டாமல் மறைத்தது தொடர்பாக, அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையத்துக்கு 2023இல் சபையும் அந்த நிறுவனமும் சேர்ந்து 50 இலட்சம் டாலர் அபராதம் செலுத்திய செய்தி வந்தபோது, இங்கும் தசமபாகம் பற்றி இளையோர் கேட்டார்கள். முன்பு கேட்காத கேள்விகள் அவை.

உப்பேரிக்கரை

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: அடுத்த மாதம் சக ஊழியர் ஒருவரின் திருமணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. முதலில் ஒரு தோட்டத்தில் திருமணம், மறுநாள் ஆலயத்தில் குடும்பத்தார் மட்டும் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆலயத் திருமணம் ஒன்றுதான் வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கூடலூரான்

அமெரிக்காவில் 2019 மே வரை அப்படித்தான் இருந்தது. வெளியே திருமணம் செய்துகொண்டவர்கள் ஆலயத்தில் முத்திரிக்கப்பட (என்றென்றைக்குமான தம்பதியராகச் சடங்கின்மூலம் இணைக்கப்பட) ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பெரும்பாலோர் நேரே ஆலயத்துக்கே சென்றார்கள். ஆலயத்துக்குள் செல்ல ஆயரின் பரிந்துரைச் சீட்டு தேவை என்பதால், சபையைவிட்டு விலகிய அண்ணனோ சபையில் சேராத தாயோ அந்தத் திருமணத்தைக் காண முடியாமல் வெளியே காத்திருப்பார்கள். 2019 மே மாதம் அந்த ஓராண்டுக் காத்திருப்பை நீக்கிவிட்டார்கள். தோட்டத்துத் திருமணத்துக்கு நீங்கள் தாராளமாகச் செல்லலாம்; அங்கே மணமக்களின் உறவினர்களில் சபையில் இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒன்றாகவே காண்பீர்கள்.