இரவு முழுக்க ஆட்டோபைலட்டில் 777: தூங்கப் போகும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மேகவீதி எழுதியது:
வணக்கம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருள்) பிஎம்டிஜி நிறுவனம் தயாரித்த 777-300இஆர் விமானம். சிங்கப்பூரிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு, வேகம் கூட்டாமல் முழு நேரமும் பறக்க வேண்டும். 13 மணி நேரத்துக்குக் குறையாது. இரவு 10 மணிக்குக் கிளம்பி, க்ரூஸில் (ஏற்றம் முடிந்து சமமாகப் பறக்கும் கட்டம்) நிலைத்த பிறகு தூங்கிவிட்டு, மறுநாள் இறக்கத்தை மட்டும் நானே செய்யலாம் என்று திட்டம். பயணத் திட்டம் போட்டுத்தரும் சிம்பிரீஃப் தளம் எஃப்எல் 320-இல் (32,000 அடி) தொடங்கி 340, 360, 380 என்று படிப்படியாக ஏறச் சொல்கிறது. நான் தூங்கும்போது அந்த ஏற்றம் தானாக நடக்குமா? இறங்க வேண்டிய இடம் வந்தால் விமானம் இறங்கிவிடுமா, லண்டனைத் தாண்டிப் போய்விடுமா? கணினியில் எதை மாற்றி வைக்க வேண்டும்?

கிழக்குக்காற்று எழுதியது:
முதலில் இறக்கம். எம்சிபி-யில் (ஆட்டோபைலட் கட்டுப்பாட்டுப் பலகை) உயரம் 34000 என்று இருந்தால் விநாவ் (உயரத்தைக் கவனிக்கும் ஆட்டோபைலட் முறை) அதற்குக் கீழே இறங்காது. டாப் ஆஃப் டிசென்ட் (இறக்கம் தொடங்க வேண்டிய புள்ளி) கடந்தாலும் அதே உயரத்தில் லண்டனுக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும். சிலர் இதைத் தவிர்க்க எம்சிபி-யில் முன்கூட்டியே 8000 வைத்துவிட்டுப் படுக்கச் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விமானம் தானாக இறங்கத் தொடங்கும், ஆனால் ஃப்ளாப்பையோ (இறக்கைத் தட்டு) கியரையோ (சக்கரம்) போட ஆளில்லை. உயரத்தில் நேராகப் போகும் விமானத்தை ஒரு மணி நேரம் கழித்தும் திருப்பிக் கொண்டுவரலாம். 8000 அடியில் சுற்றும் விமானம் எரிபொருளை வேகமாகத் தின்னும்.

அதற்குப் பதில் பிஎம்டிஜி அமைப்புகளில் டாப் ஆஃப் டிசென்டில் நிறுத்தும் வசதியை இயக்குங்கள். இது வேலை செய்ய எஃப்எம்சி (விமானத்தின் வழிக்கணினி) அந்தப் புள்ளியைக் கணக்கிட்டிருக்க வேண்டும். ஸ்டாரும் (விமானநிலையத்தை நெருங்க வகுத்த வழி) ரன்வேயும் இல்லாமல் வெறும் ஹீத்ரோ என்று மட்டும் போட்டால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. காலையில் எந்த ரன்வே என்று இப்போது தெரியாதுதான். பரவாயில்லை, 27ஆர் ரன்வேக்கான ஐஎல்எஸ் (ரேடியோ வழிகாட்டலில் தரையிறங்கும் முறை) போட்டு வையுங்கள், எழுந்த பிறகு மாற்றலாம்.

அடுத்தது டிஸ்கன்டின்யூட்டி, அதாவது வழியில் விழும் வெட்டு. நெடுந்தூரப் பயணம் கெட்டுப்போக அடிக்கடி காரணம் இதுதான். வழியில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் எல்நாவ் (வழியைப் பின்பற்றும் ஆட்டோபைலட் முறை) திரும்பாது, போன திசையிலேயே நேராகப் போகும். மத்திய ஆசியாவில் திரும்ப வேண்டியது சைபீரியாவுக்குப் போய்விடும். என்டி-யை (வழிப்படத் திரை) பிளான் நிலையில் வைத்து, எஃப்எம்சி-யின் லெக்ஸ் பக்கத்தில் ஸ்டெப் அழுத்தி ஒவ்வொரு புள்ளியாகக் கடைசி வரை பாருங்கள். சிம்பிரீஃபிலிருந்து இறக்கிய வழி என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சிம்பிரீஃப், விமானம் இரண்டின் ஏஐராக் சுழற்சியும் (வழித் தரவின் பதிப்பு) வேறாக இருந்தால் ஒரு புள்ளி காணாமல் போகும், அங்கேதான் வெட்டு விழும். ஹீத்ரோ ஸ்டார்கள் லம்பர்ன், பொவிங்டன், பிகின், ஓக்கம் ஆகிய ஹோல்டிங் (வட்டமிட்டுக் காத்திருக்கும்) இடங்களில் முடிகின்றன. அதற்கும் ஐஎல்எஸ்ஸுக்கும் நடுவே இடைவெளி இருப்பது இயல்பு. அதற்கு முன்னால் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

படிப்படியான ஏற்றத்துக்கு எம்சிபி உயரத்தை மாற்றி குமிழை அழுத்த ஆள் வேண்டும். அதனால் தூங்கும் நேரத்துக்கு ஒரே உயரம் என்று முடிவெடுங்கள். 320-இல் தொடங்கி, எடை குறைந்ததும் 340-க்கு நீங்களே ஏற்றிவிட்டுப் படுங்கள். விநாவ் க்ரூஸ் பக்கத்தில் மேக்ஸ் உயரம் 340-க்கு மேல் குறைந்தது 1000 அடியாவது இருக்க வேண்டும். விளிம்பில் பறந்தால் வேகத்தின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் நெருங்கிவிடும். நேரலை வானிலையில் காற்று திடீரென்று மாறினால் அந்த நெருக்கத்தில் தப்பிக்க இடமிருக்காது. விழித்திருக்க முடியாது என்றால் சுமையைக் குறைத்து, தொடக்கத்திலேயே 340 எட்டுகிற எடையில் கிளம்புங்கள்.

கடைசி மணி நேரங்களில் உகந்த உயரத்துக்கு 4000 அடி கீழே பறப்பீர்கள். எரிபொருள் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். 60 டன் மிச்சமிருக்கும் பகுதிக்கு அது 2.4 டன். சிம்பிரீஃபில் படி ஏற்றத்தை அணைத்து மறுபடி கணக்கிட்டால் திட்டமே அதைச் சேர்த்துக்கொள்ளும், மேலே 3 டன் கூடுதலாகப் போடுங்கள். காற்றுத் தரவையும் எஃப்எம்சி-க்குள் ஏற்றுங்கள், அது இல்லாமல் வந்துசேரும் நேரமும் எரிபொருளும் தவறும்.

சென்டர் டாங்க் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். 105 டன் எரிபொருளில் கிளம்பினால் சுமார் 5 மணி நேரத்தில் நடு டாங்க் காலியாகி, பம்பை அணைக்கச் சொல்லும் செய்தி வரும். பிரதான டாங்குகளின் 4 பம்புகளும் ஆனில் இருந்தால் என்ஜினுக்கு எரிபொருள் தடையின்றிப் போகும். படுக்கும் முன் அந்த நான்கையும் ஒரு தடவை பாருங்கள்.

தரைநிலை எழுதியது:
கணினிப் பக்கம் நான் சொல்கிறேன். விண்டோஸில் ஸ்லீப், ஹைபர்நேட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துவது அதைவிட முக்கியம். சும்மா இருக்கும் யோக்கை (விமானம் ஓட்டும் கைப்பிடி) விண்டோஸ் தூங்கவைத்துத் திரும்ப எழுப்பும்போது ஆக்ஸிஸ் (அதன் அசைவு அளவு) ஒரு கணம் துள்ளும், ஆட்டோபைலட் கழன்றுகொள்ளும். ஏய்லரான் (பக்கச் சாய்வு), எலிவேட்டர் (மூக்கின் ஏற்ற இறக்கம்) இரண்டுக்கும் 5 முதல் 10 சதவீதம் டெட்ஸோன் (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத பகுதி) கொடுங்கள். பழைய பொட்டென்ஷியோமீட்டர் யோக்குகளுக்கு இது கட்டாயம், அவை தொடாமலே நடுங்கும். த்ராட்டிலுக்கு (என்ஜின் விசைக் கைப்பிடி) பிஎம்டிஜி அமைப்பில் ஹோல்ட் (ஆட்டோத்ராட்டில் பிடியை விட்ட) நிலையில் மட்டும் கைத்த்ராட்டிலை ஏற்கும்படி வையுங்கள். பறக்கும்போது யோக்கைப் பிடுங்காதீர்கள்.

விண்டோஸ் அப்டேட்டின் ஆக்டிவ் ஹவர்ஸ் (கணினி தானாக மறுதொடக்கம் ஆகாத நேரம்) அதிகபட்சம் 18 மணி நேரம். இரவு 9 மணி முதல் அடுத்த நாள் மாலை 3 மணி வரை வைத்தால் போதும், கூடவே அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிவையுங்கள்.

ஃப்ரேமை (வினாடிக்கு வரும் படங்கள்) 30-க்குக் கட்டுங்கள். க்ரூஸில் அதற்கு மேல் பயனில்லை, கிராபிக்ஸ் கார்டின் சூடும் மின்சாரமும் குறையும். 300 வாட் இழுக்கும் கணினி 13 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 4 யூனிட் எடுக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி, ஏஐ ட்ராஃபிக்கை நிறுத்துங்கள். சிமுலேட்டர் பல மணி நேரம் ஓடி மூடிக்கொள்வதற்கு விஆர்ஏஎம் (கிராபிக்ஸ் கார்டின் நினைவகம்) நிறைவது ஒரு காரணம், அது பெரும்பாலும் கடைசியில் பெரிய விமானநிலையத்தை நெருங்கும்போது நடக்கும். டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரைப் பொத்தானில் அணைக்க வேண்டாம். பல மானிட்டர்களில் விண்டோஸ் திரை கழன்றதாக எடுத்துக்கொண்டு சன்னல்களை இடம் மாற்றும். ஒளியை மட்டும் குறையுங்கள்.

எஃப்எஸ்யுஐபிசி என்ற துணை மென்பொருளில் ஆட்டோசேவ் (தானாகச் சேமிப்பது) இருக்கிறது, 10 நிமிட இடைவெளி நல்லது. ஆனால் இந்த மாதிரி சிக்கலான விமானங்களில் பறக்கும் நடுவே சேமித்தது எப்போதும் அப்படியே திரும்பாது. கடைசி நம்பிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேகவீதி எழுதியது:
இருவருக்கும் நன்றி. தெளிவாகிவிட்டது. நடுவில் 4 மடங்கு வேகம் வைத்தால் தூங்காமலே முடித்துவிடலாமே, அது பாதுகாப்பா? வாட்சிமில் (பலர் சேர்ந்து பறக்கும் இணைய வலையமைப்பு) இணைந்திருந்தால்?

பதினெட்டுஎல் எழுதியது:
4 மடங்கு வரை நேரான வழியில் தாங்கும், ஃப்ரேம் 25-க்குக் கீழே விழாதவரை. 480 நாட் தரைவேகம் நிமிடத்துக்கு 8 கடல் மைல், 4 மடங்கில் 32. அதாவது வானிலை எல்லைகளை நான்கு மடங்கு அடிக்கடி கடக்கிறீர்கள், ஆட்டோத்ராட்டிலுக்குச் சமாளிக்க நேரமில்லை. 8, 16 மடங்கில் மூக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்கும், திருப்பத்தில் வழியைத் தாண்டி வெளியே போகும். பெரிய திருப்பம், உயரம் மாற்றுவது, டாப் ஆஃப் டிசென்டுக்கு முந்தைய 100 கடல் மைல்: இந்த மூன்றிலும் 1 மடங்குக்குத் திரும்புங்கள். 4 மடங்கில் ஓட்டிக்கொண்டு தூங்கவே கூடாது.

வாட்சிமில் 30 நிமிடத்துக்கு மேல் கவனிக்காமல் விட விதி அனுமதிப்பதில்லை. இந்தப் பயணத்தை ஆஃப்லைனில் வையுங்கள். ஐரோப்பாவுக்குள் நுழைந்து விழித்த பிறகு இணையலாம்.

கிழக்குக்காற்று எழுதியது:
இன்னும் ஒன்று. நிறுத்தும் வசதியை மட்டும் நம்பாமல் அலாரம் வையுங்கள். எஃப்எம்சி-யின் ப்ராக்ரஸ் பக்கத்தில் டாப் ஆஃப் டிசென்டுக்கான நேரம் இசட் (யுடிசி, உலகப் பொது நேரம்) கணக்கில் வரும். சிங்கப்பூரில் இருந்தால் 8 மணி நேரமும், இந்தியா இலங்கையில் இருந்தால் ஐந்தரை மணி நேரமும் கூட்டி, அதற்கு 40 நிமிடம் முன்னால் அலாரம். வானிலையால் அந்த நேரம் கொஞ்சம் நகரும்.

எழும்போது சிமுலேட்டர் நின்றிருந்தால் உடனே விடுவிக்காதீர்கள். நின்றிருந்த நேரத்தில் நேரலை வானிலை மாறியிருக்கும், விடுவித்ததும் காற்று ஒரே வீச்சில் மாறலாம். எஃப்எம்சி-யில் ரன்வேயும் இறக்கக் காற்றும் திருத்தி, எம்சிபி-யில் அனுமதி உயரத்தை வைத்து, கையை ஸ்பீட்பிரேக் (வேகத்தைக் குறைக்கும் இறக்கைத் தடுப்பு) பக்கம் வைத்துக்கொண்டு விடுவியுங்கள். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் சிமுலேட்டரின் ஆக்டிவ் பாஸ் என்ற நிறுத்தத்தை எடுக்காதீர்கள். அது இடத்தை மட்டும் உறையவைக்கிறது, கருவிகள் தொடர்ந்து ஓடும். விடுவித்ததும் வேகம் சரிந்து விமானம் தள்ளாடும். எஸ்கேப் மெனுவில் நிறுத்துவதே சரி.