11 வருடப் பழைய பாய்லர்: எந்தக் காப்பீடு எடுக்கலாம்?

ஹாரோவாசி:
வணக்கம். செப்டம்பரில்தான் ஹாரோவில் வீடு வாங்கிக் குடிவந்தோம். சமையலறை அலமாரிக்குள் ஒரு காம்பி பாய்லர் (ஹீட்டிங், சுடுதண்ணீர் இரண்டையும் தருவது) இருக்கிறது. தகட்டைப் பார்த்தால் 11 வயது. விற்றவர்கள் சர்வீஸ் சீட்டு எதையும் விட்டுப் போகவில்லை. கைக்குழந்தை இருக்கிறது, ஊரிலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார். ஜனவரியில் ஹீட்டிங் நின்றால் தாங்க மாட்டோம். மாதம் 12 பவுண்டுக்கு ஒரு பாய்லர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் 95 பவுண்டு நாம் கட்ட வேண்டும். இன்னொன்று மாதம் 20 பவுண்டு. அதில் கைக்காசு இல்லை, வருடாந்திர சர்வீஸும் சேர்த்தி. வீட்டுக் காப்பீட்டில் ஹோம் எமர்ஜென்சி (வீட்டில் அவசரப் பழுதுக்கு ஆள் அனுப்பும் பிரிவு) ஏற்கெனவே இருக்கிறது. அதுவே போதுமா?

ஸ்லவ் அக்கா:
போதாது தம்பி. தீ, வெள்ளம், குழாய் வெடிப்பு போன்றவற்றுக்குத்தான் வீட்டுக் காப்பீடு. தேய்ந்து பழுதாகும் பாய்லர் பொதுவாக அதில் வராது. ஹோம் எமர்ஜென்சியில் ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள், சர்வீஸும் கிடையாது. உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் பாய்லர் வயது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் 15 வயதைத் தாண்டினால் சேர்க்கவே மாட்டார்கள்.

காஸ்கார அண்ணன்:
தம்பி, நான் லண்டனில் பொயிலர் வேலை செய்கிறவன். முதலில் உங்கள் கணக்கையே பார்ப்போம். 12 பவுண்டுத் திட்டம் வருடத்துக்கு 144. ஒரே ஒரு தடவை ஆள் வந்தால் 239. மற்றது 240, அதோடு 100 பவுண்டு அளவில் வரும் சர்வீஸும் அதற்குள். பழைய பொயிலருக்கு இரண்டாவதுதான் சரி.

ஆனால் விலையை விட விலக்குகளைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், உங்கள் கெற்றிலுக்குள் பார்த்தாலே தெரியும். சுண்ணாம்பாலும் குழாய்ச் சேற்றாலும் வரும் பழுதை நிறையத் திட்டங்கள் ஏற்காது. ஆகவே உங்கள் குழாயில் சேறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹீற்றிங்கை நிறுத்தி, ரேடியேற்றர் ஆறிய பிறகு, மேல் மூலையில் உள்ள காற்றுத் திறப்பைச் சாவியால் மெல்லத் திருகுங்கள். முதலில் காற்று சீறும், பிறகு தண்ணீர் வரும். அதை ஒரு வெள்ளைத் துணியில் பிடியுங்கள். மை போலக் கறுப்பாக வந்தால் உள்ளே இரும்புத் துரு சேறாகக் கிடக்கிறது. மூடிய பிறகு அழுத்தமானியைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் முள் 1 பாருக்கும் (bar) 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும்.

அடுத்தது, காஸ் சேஃப் (காஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடு) பதிவுள்ள ஒருவரைக் கூப்பிட்டு இப்போதே சர்வீஸ் செய்து, எழுத்தில் வாங்கி வையுங்கள். திட்டம் எடுக்கும் முன்பே இருந்த பழுது என்று அவர்கள் கை விரித்தால், காட்ட உங்களிடம் அந்தத் தாள் இருக்கும். திட்டம் எடுத்த முதல் சில கிழமைகளுக்குப் பழுது சொல்லவும் முடியாது. பனி விழும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று: திருத்துவது கட்டாது என்று அவர்கள் முடிவு செய்தால் என்ன தருவார்கள்? சிலர் புதுசு தருவார்கள், பெரும்பாலும் வயது குறைந்த பொயிலருக்கு மட்டும். 11 வயதுக்கு ஒரு சிறு தொகையோடு நிறுத்தி விடுவார்கள். புதுசு போட 2,500, 3,000 பவுண்டு ஆகும். அதற்கு இப்போதே மாதாமாதம் ஒதுக்குங்கள். புதிதுக்குப் பத்து வருட உத்தரவாதம் கிடைத்தால், வருடா வருடம் சர்வீஸ் செய்தாலே போதும், பொயிலருக்கென்று தனிக் காப்பீடு தேவையில்லை.

வாடகைக்காரி:
நான் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருக்கிறேன். நானும் எடுக்க வேண்டுமா?

ஸ்லவ் அக்கா:
வேண்டாம்மா. ஹீட்டிங்கையும் சுடுதண்ணீரையும் பழுது பார்த்துத் தருவது வீட்டுக்காரர் கடமை, 1985-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வருடாந்திர காஸ் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

ஹாரோவாசி:
மிக்க நன்றி அண்ணா. மாடி அறையில் கறுப்பாகத்தான் வந்தது. சனிக்கிழமை ஆள் வருகிறார்.

காஸ்கார அண்ணன்:
அப்போ சேறு கழுவ என்ன செலவு என்று அவரிடமே கேளுங்கள், கழுவினால் ரசீதை வைத்திருங்கள். பொயிலரின் கழிவுநீர் வெளிச்சுவர் வழியே போகும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயையும் காட்டுங்கள். கடும் குளிரில் அது உறைந்துதான் பல பொயிலர்கள் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் இளகிவிடும், கொதிநீர் கூடாது. காஸ் மணந்தால் மட்டும் காப்பீட்டுக்காரரைத் தேட வேண்டாம். ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, காஸ் அவசர எண் 0800 111 999-க்கு எடுங்கள். அந்த அழைப்பு இலவசம்.