மறு: ஐஸ் ஹாக்கியில் சட்டையில் 'ஏ' (alternate captain) அணிகிற ஆட்டக்காரருக்குக் கலைச்சொல்

> 'துணைத்தலைவர்' போதாதா? கிரிக்கெட்டில் வழங்குகிற சொல்தானே.

போதாது ஐயா. கிரிக்கெட்டில் துணைத்தலைவர் என்றால் தலைவருக்கு அடுத்த படியில் நிற்கும் ஒருவர். ஐஸ் ஹாக்கியில் சட்டையில் 'ஏ' தைத்தவர்கள் இருவர். அவர்களுக்குள் மேல் கீழ் கிடையாது. இந்த ஆட்டத்தில் கோல்காப்பாளரைத் தவிர எவரும் முக்கால் நிமிடம் போல ஓடிவிட்டு வாங்கில் (பெஞ்சில்) போய் உட்கார்ந்துவிடுவார்கள். 'சி' (captain) தைத்த தலைவரும் அப்படித்தான். அவர் வாங்கில் இருக்கும்போது விதி பற்றி நடுவரிடம் பேசப் பனித்தளத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த உரிமையின் அடையாளம்தான் 'ஏ'. (தண்டனையை எதிர்த்து முறையிடத் தலைவருக்கே உரிமை இல்லை. நடப்பது வேறு கதை.)

நம் கட்டுரை டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற கனடிய ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றியது என்பதால் அங்கேயே உரசிப் பார்க்கலாம். 2024 ஆகஸ்டில் தலைமை ஜான் தவாரஸிடமிருந்து ஆஸ்டன் மாத்யூஸுக்குப் போனது. அடுத்த பருவத்தில் தவாரஸ் 'ஏ' அணிந்தார். ஐந்து பருவம் தலைவராக இருந்தவரைத் 'துணை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

என் பரிந்துரை: பதில் தலைவர். இலங்கையில் அமைச்சர் வெளிநாடு போனால் பதில் அமைச்சர் நியமிக்கிறார்கள். அதே வேலைதான், பனித்தளத்தில் ஒரு நிமிடத்துக்கு.

தமிழில் 'சி'யைத் தலைவருக்கு 'த' என்று ஆக்கலாம் என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுவோம். 1979 டிசம்பரில் லீஃப்ஸ் நிர்வாகி பஞ்ச் இம்லாக், ஆட்டக்காரர் லானி மக்டொனால்டைக் கொலராடோ அணிக்கு அனுப்பினார். அணித்தலைவர் டாரில் சிட்லரை அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்ற ஒப்பந்தம் இடம் தரவில்லை. ஆகவே சிட்லரின் நண்பரான மக்டொனால்டுமேல் கை வைத்தார்கள் என்பது அன்றைய பேச்சு. சிட்லர் அந்த 'சி'யைத் தன் சட்டையிலிருந்து பிரித்தெடுத்துவிட்டுத்தான் ஆடப் போனார். 1980இல்தான் மறுபடி அணிந்தார். சட்டையில் இருந்த எழுத்தையே சொல்லாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

> சென்னையில் 'பதில்' என்றால் விடைதான் தம்பி. தவிர, 2016 முதல் 2019 வரை லீஃப்ஸுக்குத் தலைவரே இல்லை, 'ஏ' மட்டும்தான். அப்போது யாருக்குப் பதில்?

'அவருக்குப் பதில் இவர் வந்தார்' என்று சென்னையிலும் சொல்கிறீர்களே ஐயா! பதவி காலியாக இருந்தாலும் சொல் நிற்கும். 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச விலகியதும் ரணில் விக்ரமசிங்க பதில் ஜனாதிபதியாகத்தான் பதவியேற்றார். 'பொறுப்புத் தலைவர்' உங்கள் பக்கம் பழகிய சொல் என்று தெரியும்; ஆனால் அது தலைவர் இல்லாத அந்த மூன்று பருவங்களுக்குத்தான் பொருந்தும், தலைவர் பத்தடி தள்ளி வாங்கில் இருக்கும்போது பொருந்தாது.

இன்னொன்று. 1957 முதல் 1969 வரை தலைவராக இருந்த ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங்கை வரைவில் 'கழகத் தலைவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். கழகத் தலைவர் அலுவலகத்தில் இருப்பவர். ஆம்ஸ்ட்ராங் 1967 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் காலியான வலைக்குள் கோல் அடித்தவர். 'அணித்தலைவர்' என்று திருத்திவிடுங்கள்.