லைஃப் ஜாக்கெட்: ஒரு சொல் போதாது

பழவேற்காட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஏரியிலும் காட்டு நீர்த்தேக்கங்களிலும் சிறு படகில் போகிறவர்களுக்கான கையேட்டின் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இடிக்கிற இடம் ஒன்றுதான். லைஃப் ஜாக்கெட்டுக்கு வரைவு முழுக்க 'உயிர்காப்பு அங்கி' என்று போட்டிருக்கிறோம். கடையில் அந்தப் பெயரில் விற்பதோ இரண்டு வேறு பொருள்கள்.

ஒன்று 50 நியூட்டன் (மிதப்பு விசையின் அளவு). ஆளை ஏறக்குறைய 5 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கு அது சரி. கை வீசித் துடுப்புப் போடவும் வசதி. ஆனால் தலையில் அடிபட்டு மயங்கிக் குப்புற விழுந்தவரைக் குப்புறவே மிதக்க விட்டுவிடும். மற்றது 100 அல்லது 150 நியூட்டன். கழுத்துக்குப் பின்னால் காலர், நெஞ்சில் கூடுதல் தடிமன். மயங்கியவரைப் பெரும்பாலும் மல்லாக்கத் திருப்பி, வாயும் மூக்கும் நீருக்கு மேலே நிற்கும்படி வைத்திருக்கும். ஐஎஸ்ஓ 12402 என்ற சர்வதேசத் தரத்தில் இவை தனித்தனிப் பாகங்கள்: 50-க்கு 5ஆம் பாகம், 100-க்கு 4, 150-க்கு 3. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் இரண்டு பெயர் உண்டு.

நாம் ஒரே பெயரை வைத்து, அதிலும் உயிரைக் காக்கும் என்று வாக்கும் கொடுத்துவிட்டால், நீந்தத் தெரியாதவர் 50-ஐப் போட்டுக்கொண்டு முகத்துவாரம் வரை துணிந்து போவார். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான், ஆனால் முகத்துவாரத்தில் கதை வேறு. வற்று நேரத்தில் ஏரி நீர் கடலை நோக்கி இழுக்கும், எதிரே அலை வந்து முட்டும். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. சொல்லில் சிக்கனம் பார்க்க இங்கே முடியாது.

இரண்டு சொல் வேண்டும். சொல்லுங்கள்.


கம்பத்திலிருந்து:

ஐயா, இரண்டு சொல் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. பழஞ்சொல் ஒன்று தயாராக இருக்கும்போது புதிதாக ஏன் தட்ட வேண்டும்? குறள் 306இல் 'இனமென்னும் ஏமப் புணை' வருகிறது. ஏமம் என்றால் காப்பு, புணை என்றால் தெப்பம். மயங்கியவரையும் காக்கிற 100, 150-க்கு 'ஏமப்புணை'. 50-க்கு வெறும் 'புணை'. சுருக்கமாகவும் இருக்கிறது, மரபும் இருக்கிறது.


பழவேற்காட்டிலிருந்து:

ஏமப்புணை அழகான சொல், அதை விடக்கூடாது. ஆனால் புணை என்பது ஏறி உட்கார்வது, பிடித்துக்கொண்டு மிதப்பது. உடுத்துவது இல்லை. பெரிய படகுகளின் மேல்தளத்தில் வெள்ளை உருளைக்குள் மடித்து வைத்திருப்பார்களே, இழுத்தால் காற்று நிரம்பி விரியும் தெப்பம், அதற்கு ஏமப்புணை அச்சாகப் பொருந்தும். அந்த வரிக்கு எடுத்துக்கொள்கிறேன்.

உடுப்புக்கு நம் மீன்வலையிலேயே சொல் இருக்கிறது. மேல்கயிற்றில் தக்கை, கீழ்க்கயிற்றில் ஈயம். தக்கையின் வேலை மிதப்பது மட்டுமே. வலையை நிமிர்த்து, திருப்பு என்று யாரும் அதனிடம் கேட்பதில்லை. 50 நியூட்டனும் அவ்வளவுதான் செய்யும். ஆகவே 'தக்கைச் சட்டை'. தக்கை ஒரு மரம்தானே, உள்ளே இருப்பது ஃபோம் ஆயிற்றே என்று யாராவது கேட்கலாம். வலையில் இன்று கட்டுவது பிளாஸ்டிக், அதையும் தக்கை என்றுதானே கூப்பிடுகிறோம்? பொருள் மாறினாலும் வேலை மாறவில்லை.

இன்னொரு ஆதாயமும் உண்டு. தக்கை நசுங்கினால் மிதக்காது என்பது வலைக்காரருக்குத் தெரியும். படகில் இந்தச் சட்டையை மடித்து மெத்தையாகப் போட்டு உட்காருவதுதான் முதல் தப்பு. ஃபோம் அமுங்கி மிதப்பு போய்விடும். வெயிலில் காய்ந்து துணி வெளுத்திருந்தால் தையல் நூலும் இற்றிருக்கும். பட்டையைப் பிடித்துப் பலமாக இழுத்தால் தெரிந்துவிடும். சோதிக்கச் செலவே இல்லை. மளிகைக் கடையின் 5 கிலோ இரும்பு எடைக்கல்லைச் சட்டையில் கட்டித் தொட்டியில் விடுங்கள். இரும்பு நீருக்குள் ஏறக்குறைய 4.3 கிலோதான் கனக்கும், அதாவது ஏறக்குறைய 42 நியூட்டன். 50 நியூட்டன் சட்டை அதைச் சுமந்துகொண்டு மிதந்தாக வேண்டும். இழுத்துக்கொண்டு உள்ளே போனால் அந்தச் சட்டையைக் கிழித்துப் போடுங்கள், அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். கருங்கல்லைக் கட்டிப் பார்ப்பது வீண்; நீருக்குள் கல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்துவிடும், கெட்ட சட்டையும் தேறிவிடும்.


குமுளியிலிருந்து:

தக்கைச் சட்டைக்கு என் ஓட்டு. ஒரு துணைச் செய்தி: பழைய காலத்துச் சட்டைகளில் அடைத்தது இலவம் பஞ்சு. போடிப் பக்கத்து ஆட்களுக்கு அதன் குணம் தெரியும், எண்ணெய்ப்பிசுக்கு உள்ள நார், தண்ணீர் ஒட்டாது. உறை கிழிந்து நீர் புகுந்து, பஞ்சும் அமுங்கிப் போனால் கதை முடிந்தது. இன்று மலிவுச் சட்டைகளில் தெர்மோகோல் துண்டுகளை அடைக்கிறார்கள். கையால் அமுக்கிப் பாருங்கள், நொறுங்கும் சத்தம் வந்தால் வாங்க வேண்டாம்.

மற்றதற்கு என்ன சொல்? குப்புற விழுந்தவரைப் புரட்டிப் போடுவதால் 'புரட்டுச் சட்டை' என்று எழுதிப் பார்த்தேன். புரட்டு என்றால் பித்தலாட்டமும் ஆகுமே! அந்தப் பெயரைக் கேட்டு எவர் மாட்டுவார்? 'மல்லாத்துச் சட்டை' நேராக இருக்கிறது, ஆனால் சிரிக்காமல் படிக்க முடியவில்லை. 'நிமிர்த்துச் சட்டை' என்று வைக்கலாம். முகத்தை நிமிர்த்துகிறது, அதுதான் வேலை.

காற்றடைக்கும் வகைக்குத் தனிச்சொல் வேண்டாம், 'காற்றடை' என்று அடைமொழி போதும். ஆனால் எச்சரிக்கையைப் பெட்டி கட்டிப் போடுங்கள். தானாக ஊதும் வகையில் ஒரு வில்லை நீரில் கரைந்ததும் ஊசி பாய்ந்து கரியமிலவாயுக் குப்பியைத் துளைக்கும். 150 நியூட்டனுக்குப் பெரும்பாலும் 33 கிராம் குப்பி. இடவப்பாதி மழையின் (தென்மேற்குப் பருவமழையின்) ஈரக்காற்றில் பை ஊறிக் கிடந்தால் அந்த வில்லை கெடும், ஆள் கரையில் நிற்கும்போதே ஊதிவிடும். வில்லையின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். குப்பியின் மேல் மொத்த எடை பொறித்திருக்கும். நகைத் தராசில் வைத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். தளம் மூடிய படகில் தானியங்கி வகையைப் போடவே கூடாது. படகு சாய்ந்து நீர் ஏறியதும் அது ஊதி ஆளைக் கூரையோடு அழுத்திவிடும், மூழ்கிச் சன்னல் வழியே வெளியேற விடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைக் கொண்டுபோனது இரண்டு தளப் படகு என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. பெரியாறு நீர்த்தேக்கத்தில் 1895இல் அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. நீர்மட்டம் மாறும்போது அடிமரம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு முழம் கீழே இருக்கும். தொங்கும் பட்டையெல்லாம் அதில் மாட்டும். பட்டை நுனிகளைச் செருகிவிட வேண்டும். நெஞ்சுப் பக்கம் ஒரு கையால் உருவக்கூடிய, நுனி மழுங்கிய கத்தி இருக்க வேண்டும்.


தடாவிலிருந்து:

ஐயாமாரே, ஒரு நடைமுறைக் கேள்வி. லைஃப் ஜாக்கெட் என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். தமிழிலும் தெலுங்கிலும் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதானே. ஆகவே சட்டை என்று முடித்தது நல்லது.

ஆனால் தொடைகளுக்கு நடுவே போகும் அந்தப் பட்டைக்கு வரைவில் 'கவட்டு இணைப்பு வார்' என்று இருக்கிறது. எவருக்கும் புரியாது. 'கோவணப் பட்டை' என்று போடுங்கள், விளக்கமே வேண்டாம்.


பழவேற்காட்டிலிருந்து:

அம்மா சொன்னது சரி, கோவணப் பட்டை ஏற்கப்பட்டது. கவட்டு இணைப்பு வாரை எழுதிய குற்றவாளி நான்தான்.

அந்தப் பட்டை இல்லாவிட்டால் நடப்பது இது: ஆள் நீரில் விழுந்ததும் சட்டை மேலே ஏறும், உடம்பு கீழே இறங்கும், சட்டை காதை மூடிக்கொண்டு நிற்கும், மூக்கு நீருக்குள் இருக்கும். கரையிலேயே பார்த்துவிடலாம். எல்லாப் பட்டையையும் இறுக்கியபின் இன்னொருவர் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுக்கட்டும். தாடையைத் தாண்டி ஏறினால் பெரிய அளவு, மாற்ற வேண்டும்.

சேலையிலும் வேட்டியிலும் கோவணப் பட்டை போட முடியாது. போதாததற்கு, நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார் அல்லது அரைக்கால் சட்டை என்று கையேட்டில் தனி வரியாக எழுதுகிறேன். மாற மாட்டேன் என்பவருக்கு இடுப்புப் பட்டை இரண்டு உள்ள சட்டை; விலா எலும்புக்குக் கீழே இறுக்கிக் கட்ட வேண்டும்.

குழந்தைகளுக்கும் நீந்தாதவர்களுக்கும் நிமிர்த்துச் சட்டை மட்டுமே. குழந்தைச் சட்டையில் காலருக்குப் பின்னால் தூக்கும் பிடி இருக்க வேண்டும். 'வளர்ந்ததும் போடலாம்' என்று பெரியதாக வாங்கிக் கொடுக்கக்கூடாது. பள்ளிச் சீருடை வாங்குகிற பழக்கம் இங்கே உதவாது.


குமுளியிலிருந்து:

சட்டையோடு சேர்ந்து வரும் சிறு பொருள்கள் பற்றி வரைவில் இரண்டு திருத்தம். விசிலுக்கு 'ஊதல்' வேண்டாம், விசில் என்றே இருக்கட்டும். உள்ளே மணி உருளாத வகை என்று மட்டும் சேர்க்கவும். மணி நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை ஊதி இடைவெளி விட்டு மறுபடி மூன்று, உதவி கேட்பதற்கு. காட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய. செயற்கைக்கோள் கருவியைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வழக்கு வரும். அதனால் விசிலும் விளக்கும், திரும்பும் நேரத்தைக் கரையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும்தான் நமக்கு.

'தீமூட்டி' என்ற வரியை அடித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பட்டியலில் இருந்து அப்படியே வந்திருக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் தீ மூட்டுவது குற்றம். நனைந்தவருக்கு மாற்று உடுப்பும் வெள்ளித்தாள் போர்வையும் 'நனையாப் பை'க்குள் இருந்தால் போதும்.


பழவேற்காட்டிலிருந்து:

அடித்தாயிற்று. பட்டியலில் போகும் வரிகள்:

தக்கைச் சட்டை: 50 நியூட்டன். மிதக்க வைக்கும், முகத்தைத் திருப்பாது. நீந்தத் தெரிந்தவருக்கு.

நிமிர்த்துச் சட்டை: 100 நியூட்டனும் மேலும். மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பும்படி அமைந்தது. காற்றடை வகையும் இதில் சேரும்.

கோவணப் பட்டை: சட்டை மேலே ஏறாமல் பிடிக்கும் கீழ்ப்பட்டை.

ஏமப்புணை: காற்று நிரம்பி விரியும் தெப்பம்.

கடைக்காரருக்குப் புரிய, முதல் இடத்தில் மட்டும் 'லைஃப் ஜாக்கெட் வகை' என்று சேர்க்கிறேன். விலைச்சீட்டில் நியூட்டன் எண் இல்லாத சட்டை இரண்டு பெயருக்கும் உரியதல்ல என்றும் ஒரு வரி. அடுத்த சொல் எறிகயிறு. 15 மீட்டரா 20 மீட்டரா என்று இப்போதே சண்டை தொடங்கிவிட்டது, அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.