காரை ஓரங்கட்டியதில் தொடங்கிய போதைப்பொருள் கேஸ்: அப்பீலுக்கு முன் தெரிய வேண்டியவை

அப்பீல் போனால் கேஸை முதலிலிருந்து மறுபடி விசாரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் பொதுவாக அது நடக்காது. புது ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) இல்லை, புது சாட்சி இல்லை, 'அந்தப் பொட்டலம் என்னுடையதே இல்லை சார்' என்று மறுபடி சொல்ல இடமும் இல்லை. கீழ் கோர்ட்டில் பதிவானதை வைத்துக்கொண்டு அங்கே சட்டப்படி பிழை நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

முதலில் கெடு. ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் என்றால் தீர்ப்புக்கு அப்புறம் 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், டெக்சஸ், நியூயார்க் மாதிரி மாநிலங்களில் பொதுவாக 30 நாள். வக்கீல் ஃபீஸ் பேரம் பேசிக்கொண்டு இதைத் தவறவிடாதீர்கள். வசதி இல்லாதவர்களுக்கு முதல் அப்பீலுக்கு அரசே வக்கீல் தர வேண்டும், 1963லிருந்தே சட்டம் அப்படித்தான்.

சரி, எதை வைத்து வாதாடுவது? பெரும்பாலும் போலீஸ் காரை நிறுத்திச் சோதனை போட்ட அந்த ரோட்டோர நிமிடங்களை வைத்துத்தான். 'போலீஸ் வேண்டுமென்றே நம்மை மடக்கினான்' என்பது மட்டும் எடுபடாது. நிஜமாகவே ஒரு டிராஃபிக் விதிமீறல் இருந்தால் போலீஸின் உள்நோக்கம் பொருட்டல்ல என்று 1996ல் ரென் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2014ல் ஹையன் வழக்கு இன்னும் மோசம்: வட கரோலினாவில் ஒரு பிரேக் லைட் எரியவில்லை என்று காரை நிறுத்தினார்கள், அந்த மாநிலச் சட்டப்படி ஒன்று எரிந்தாலே போதும், ஆனாலும் போலீஸின் தவறு நியாயமான தவறுதான் என்று தண்டனையை அப்படியே விட்டார்கள்.

பிடி இருப்பது நேரத்தில். டிராஃபிக் அபராத டிக்கெட் எழுதும் வேலை முடிந்த பிறகு, சந்தேகத்துக்குக் காரணமே இல்லாமல், மோப்ப நாய்க்காக உங்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2015ல் ரொட்ரீகஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. அங்கே கூடுதலாகப் போனது ஏழெட்டு நிமிடம்தான். (பாவம், அந்த மனிதருக்கே அது உதவவில்லை. போலீஸ் அன்றைய சட்டத்தை நம்பி நடந்துகொண்டது என்று சொல்லி அவருடைய தண்டனையை உறுதி செய்துவிட்டார்கள்.) ஆக பாடிகேம் (போலீஸ் உடம்பில் மாட்டியிருக்கும் கேமரா) வீடியோவில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். 'காரைப் பார்க்கலாமா' என்று கேட்டதற்கு நீங்கள் மரியாதைக்காக ஓகே சொல்லியிருந்தால் இந்த வாதம் ரொம்பவே பலவீனமாகிவிடும். நம் ஆட்கள் பலர் சொல்லிவிடுகிறார்கள், மறுத்தால் குற்றம் என்ற பயத்தில். மறுப்பது குற்றமே இல்லை.

ஆனால் இதையெல்லாம் விசாரணைக்கு முன்பே, சோதனையில் கிடைத்ததை ஏற்கக் கூடாது என்று மனுப் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். போடவில்லை என்றால் அப்பீலில் புதிதாகக் கிளப்புவது மிகக் கஷ்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டு பிளீ போட்டிருந்தாலும் பொதுவாக அப்படித்தான், அப்பீல் உரிமையைத் தக்கவைத்து பிளீ போட்டிருந்தால் கதை வேறு.

இப்போது விசா விஷயம், நமக்கு ஜெயிலை விட இதுதான் பெரிது. போதைத் தடுப்பு வகுப்புக்குப் போனால் கேஸை மூடிவிடுவார்கள் என்று மாநில கோர்ட் சொன்னாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தால் குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம். சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா, அதுவும் ஒரே தடவை என்றால் மட்டும் அதில் விலக்கு. நாடு கடத்தல் ஆபத்தைப் பற்றி வக்கீல் வாயே திறக்கவில்லையா, 2010 படில்லா தீர்ப்பை வைத்து அதற்குத் தனி மனுவே போடலாம். ஒன்று கவனம்: விசாவைக் காப்பாற்றுவதற்காக மட்டும் தண்டனையை ரத்து செய்தால் குடியேற்றத் துறை ஏற்காது, வழக்கிலேயே சட்டக் குறை இருந்ததென்று உத்தரவில் இருக்க வேண்டும். அதனால் அப்பீல் வக்கீலும் குடியேற்ற வக்கீலும் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆக வேண்டும்.

அதற்கு நடுவே ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் நிறுத்தி வையுங்கள். அந்த 30 கிராம் விலக்கு, வெளியே போய்விட்டுத் திரும்பி உள்ளே வரும்போது தானாகக் கிடைக்காது.