சிகரெட் பெட்டிக்குள்ள வைக்கிற கார்டு: தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?

பகாவ் அச்சகத்திலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சொல்லு தேவைப்படுது, ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, சரி இங்கயே கேட்டுடுவோம்னு எழுதுறேன்.

நம்ம கடையில கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், முறுக்கு பலகாரத்துக்கு பெட்டி, இதுதான் வேலை. சுத்தி இருக்கிற தோட்டங்கள்லேருந்து எஸ்பிஎம் (நம்ம மலேசியாவுல பள்ளிக்கூடக் கடைசித் தேர்வு) முடிச்ச பசங்க சில பேர் தொழில் கத்துக்க வர்றாங்க, அவங்களுக்காக பெட்டி வடிவமைப்பு பத்தி தமிழ்ல ஒரு சின்ன கையேடு தயார் பண்றேன். டை-கட்டுக்கு வெட்டச்சுனு போட்டாச்சு, க்ரீஸ் லைனுக்கு மடிகோடு, பசங்களும் சிரிக்காம ஏத்துக்கிட்டாங்க. மாட்டிக்கிட்டது இன்செர்ட்ல, அதான் பெட்டிக்குள்ள வைக்கிற கார்டு.

பாடத்துக்கு உதாரணமா எடுத்தது சிகரெட் பெட்டி. ஏன்னா இவ்வளவு சின்ன இடத்துல இவ்வளவு கணக்கு போட்ட பெட்டி வேற இல்ல. உள்ள இருந்து வெளிய வாங்க: 20 குச்சி, 7, 6, 7னு மூணு வரிசையா நிக்கும், நடு வரிசை குழியில உக்காந்த மாதிரி. அதைச் சுத்தி ஈயத்தாள்னு நம்ம ஆளுங்க சொல்றது, நெஜத்துல அலுமினியம் ஒட்டின பேப்பர். அதுக்கு மேல கழுத்து மாதிரி ஒரு சின்ன அட்டை, மூடிய திறந்தா மேல எட்டிப் பாக்கும் பாருங்க, மூடி அதுலதான் இறுகி நிக்குது. அதுக்கப்புறம் பெட்டி, ஒரே அட்டையில வெட்டி மடிச்சது. கடைசியா மேல கண்ணாடித்தாள், பிரிக்கிறதுக்கு ஒரு கோடு.

இப்ப விளம்பரத்துக்காக ஒரு கார்டோ கூப்பனோ வைக்கிறாங்கன்னா அது ரெண்டு இடத்துல வரலாம். ஈயத்தாளுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவுல வச்சா இன்செர்ட். பெட்டிக்கு வெளிய, கண்ணாடித்தாளுக்கு உள்ள வச்சா ஆன்செர்ட். ரெண்டுக்கும் டிசைன் வேற. முதல்ல சொன்னது வாங்கித் திறந்தாதான் தெரியும், ரெண்டாவது கடையிலயே தெரியும், பெட்டியில அடிச்ச படத்தையும் மறைக்கும். அதனால ஒரே சொல்லு போட்டு சமாளிக்க முடியாது, ஜோடியா வேணும்.

நான் யோசிச்சது: உள்ளட்டை, உள்வைப்பு, செருகட்டை. எதுவும் மனசுக்கு ஒட்டல. சொல்லுங்க.

ஈப்போவிலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியை

தம்பி, முதல்ல ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. பதினெட்டு வயசுப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்த சிகரெட் பெட்டிதான் கெடச்சுதா? தோட்டத்துல அப்பன்மாருங்க வாங்கின சம்பளத்துல பாதிய ஊதித் தள்ளினத நான் கண்ணால பாத்தவ. பிஸ்கட் பெட்டி, தேத்தூள் பெட்டி எவ்வளவோ இருக்கே.

சொல்லுன்னு பாத்தா எதுக்கு இவ்வளவு குழப்பம், "விளம்பர அட்டை"னு சொல்லிட்டுப் போங்க. வேலை என்னவோ அதையே பேரா வச்சா பிள்ளைங்களுக்கும் புரியும்.

பகாவ் அச்சகத்திலிருந்து

டீச்சர், கோவம் எல்லாம் இல்ல. நீங்க கேட்டதுல ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துலதான் போய் முடியுது.

நம்ம நாட்டுல சிகரெட் பெட்டிக்குள்ள விளம்பரக் கார்டு வைக்கிற வேலை யாருக்கும் வராது, அது சட்டப்படி முடியாது. 2004 புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள்லயே விளம்பரம், பரிசு, போட்டி எல்லாத்தையும் அடைச்சிட்டாங்க. 2009ல பயங்கரப் படம் போட்ட எச்சரிக்கை வந்துச்சு, 2010ல 14 குச்சி சின்னப் பெட்டி போச்சு, ஒரு பெட்டின்னா 20 குச்சிதான். இப்ப புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852ஆம் சட்டம், 2024 அக்டோபர் 1லேருந்து நடப்புல இருக்கு, 2025 ஏப்ரல்லேருந்து கடையில பெட்டிய கண்ணுல படுற மாதிரி அடுக்கவே கூடாது. இங்க பசார் பக்கத்துல இருக்கிற சாமான் கடைத் தவுக்கே அலமாரிய மூடிட்டாரு, கேட்டா எடுத்துக் குடுப்பாரு. அதனால பசங்க இதப் படிச்சிட்டு நாளைக்கே சிகரெட் கம்பெனிக்கு டிசைன் பண்ணப் போறதில்ல. அளவு, இடைவெளி, பேப்பர் நார் போற திசை, மை வாசனை, இதெல்லாம் ஒரே பெட்டியில கத்துக்கலாம், அதுக்குத்தான். புகையிலை பக்கத்துல இருக்கிற வாசனைய அப்படியே இழுத்துக்கும், அதனால கார்டுல அடிக்கிற மை வாசனை இல்லாத மையா இருக்கணும். கார்டு பெட்டிச் சுவரவிட சுத்தி கொஞ்சம் சின்னதா இருக்கணும், இல்லன்னா மூலை மடங்கி மெஷின் நிக்கும். நார் தப்பான திசையில போனா கார்டு சுருண்டுக்கும், ரெண்டு கார்டா சேந்து வரும். நிமிஷத்துக்கு 400 பெட்டி போற மெஷின்ல ஒரு தடவை நின்னா எவ்வளவு குப்பைன்னு பாத்துக்குங்க. தேத்தூள் பெட்டியில இந்த வம்பு எல்லாம் கிடையாது டீச்சர்.

இப்ப "விளம்பர அட்டை"க்கு வர்றேன். இந்தக் கார்டு முதல்ல உள்ள போனதுல பாதிக் காரணம் விளம்பரமே இல்ல. அமெரிக்காவுல அப்ப சிகரெட் மெல்லிசு பேப்பர் பாக்கெட்ல வந்துச்சு, நசுங்கும், அதுக்கு முட்டுக் குடுக்க ஒரு வெறும் அட்டை வச்சாங்க. ரிச்மண்ட்ல இருந்த ஆலன் அண்ட் ஜிண்டர் கம்பெனிக்காரன் வெறும் அட்டையா ஏன் வைக்கணும்னு நடிகை படம், பேஸ்பால் ஆட்டக்காரன் படம்லாம் அடிச்சான். 1887ல இங்கிலாந்துல வில்ஸ் கம்பெனியும் இந்த மாதிரி கார்டு வைக்க ஆரம்பிச்சுது. அப்புறம் வரிசை நம்பர் போட்டு 25, 50னு செட்டா விட்டாங்க, பிள்ளைங்க அப்பாவ இன்னொரு பெட்டி வாங்குப்பான்னு நச்சரிக்கும். சாமர்த்தியம்னா அதான், கேட்டா வயித்தெரிச்சலா இருக்கும். 1940ல போர்க்காலத்துப் பேப்பர் தட்டுப்பாட்டுல இங்கிலாந்துல நின்னுச்சு. 1909லேருந்து வந்த ஒரு செட்ல ஹோனஸ் வாக்னர்னு ஒரு பேஸ்பால்காரர் கார்டு ரொம்பக் கொஞ்சந்தான் வெளிய வந்துச்சு, அதுல ஒண்ணு 2022ல 72 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்குப் போச்சு. முட்டுக் குடுக்க வச்ச அட்டைக்கு!

இதே இடத்துல இன்னிக்கு யாரு கார்டு வைக்கிறான்னு பாருங்க. கனடா. 2000ல போட்ட விதியிலேருந்து பெட்டிக்குள்ள உடம்புக்கு என்ன ஆகும், எப்படி விடுறதுன்னு தகவல் வைக்கச் சொல்லி அரசாங்கமே கட்டாயப்படுத்துது. ஆஸ்திரேலியாவுல 2025லேருந்து அதே மாதிரி. உலக சுகாதார நிறுவனத்தோட புகையிலை ஒப்பந்தம் இருக்கே, அதோட 11வது பிரிவுக்கான வழிகாட்டியிலயும் இன்செர்ட், ஆன்செர்ட் ரெண்டுலயும் எச்சரிக்கை போடலாமேன்னுதான் எழுதியிருக்கு. நீங்க "விளம்பர அட்டை"னு பேரு வச்சா, "புகைக்காதே"னு சொல்ற கார்டும் விளம்பர அட்டையா ஆயிடும். அதனால நான் நிக்கிறது ஒரே இடத்துலதான்: பேரு அது இருக்கிற எடத்தச் சொல்லணும், செய்யுற வேலைய இல்ல. வேலை மாறிக்கிட்டே இருக்கு, எடம் நூறு வருஷத்துக்கு மேல அதே எடந்தான். வேலைய அடைமொழியா முன்னால ஒட்டிக்கலாம்.

பட்டர்வொர்த்திலிருந்து

அன்பரே, நீங்கள் கொடுத்த மூன்றில் இரண்டை உடனே தள்ளிவிடலாம்.

உள்வைப்பு மருத்துவத்தார் எடுத்துக்கொண்டுவிட்ட சொல். காதுக்குள் கருவி வைப்பது, பல் வைப்பது எல்லாம் அதுவே. உள்ளட்டை என்றால் நீங்களே சொன்ன அந்தக் கழுத்து அட்டையைத்தான் மாணவன் நினைப்பான். அதுவும் அட்டை, அதுவும் உள்ளே.

மிச்சம் செருகு. நல்ல வேர். கொண்டையில் பூவைச் செருகுவது, இடுப்பில் கத்தியைச் செருகுவது, இரண்டு பரப்புக்கு நடுவில் மெல்லியதை நுழைப்பது என்றுதான் பொருள். ஏட்டில் பிற்பாடு யாரோ புகுத்திய பாட்டை இடைச்செருகல் என்கிறோம், அதனால் "இடை" வேண்டாம், அச்சொல் தமிழாசிரியர்களுக்கே இருக்கட்டும். இடத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால் உள், மேல் இரண்டும் கையில் இருக்கின்றன. உள் + செருகல் உட்செருகல். மேல் + செருகல் மேற்செருகல். உங்கள் ஜோடி கிடைத்தது. பேச்சில் சொருகு என்பார்கள், எழுத்தில் செருகு என்றே எழுதுங்கள்.

சுங்கை பட்டாணியிலிருந்து

வணக்கம் ஐயா, வணக்கம் அண்ணே. ஒரு சந்தேகம், நான் பேக்கேஜிங் ஃபேக்டரில லைன்ல நிக்கிற ஆளு, சிகரெட் இல்ல, சோப்பு. ஆனா கார்டு போடுற முறை கிட்டத்தட்ட அதேதான்னு நெனைக்கிறேன். மெஷின் ஒண்ணும் செருகறதே இல்லயே? பொருள் சுத்தி வரும்போதே கார்டு மேல வந்து விழும், அப்புறந்தான் பெட்டி அதச் சுத்தி மடியும். முடிஞ்ச பெட்டிக்குள்ள யாரும் தள்றதில்ல. அப்ப செருகல்னா பொய்யாயிடாதா லா. நாங்க லைன்ல "கார்டு போடு"னுதான் சொல்வோம். உள்போடுனு வச்சா என்ன?

இன்னொண்ணு, உட்செருகல்னு சொல்லும்போது எனக்கு நாக்கு மாட்டுது. சீரியஸா.

பகாவ் அச்சகத்திலிருந்து

தம்பி சொன்னது மெஷினப் பொறுத்தவரைக்கும் சரியான பேச்சு, சிகரெட்டுலயும் அப்படித்தான், ஈயத்தாள் சுத்தின கட்டு மேல கார்டு வந்து உக்காரும், அதுக்கப்புறந்தான் அட்டை மடியும். ஆனா பேரு வைக்கிறது மெஷினுக்கா, திறந்து பாக்கிற ஆளுக்கா? பெட்டியத் திறந்தவன் கண்ணுக்கு அது ரெண்டு சுவத்துக்கு நடுவுல செருகி வச்சதாத்தான் தெரியுது, நகத்தால இழுத்துத்தான் எடுப்பான். மலாய்க்காரங்களும் இதே வழியிலதான் போயிருக்காங்க, இன்செர்ட்டுக்கு சிசிப்பான்னு சொல்றாங்க, இடுப்புல கெரிஸ் கத்தியச் செருகுறதுக்கும் அதே சிசிப்தான். ஐயா சொன்ன இடுப்புக் கத்தியும் இதுவும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி நிக்குது, நம்ம பசங்க பள்ளிக்கூடத்துல மலாய்லயும் படிச்சவங்க, டக்குனு பிடிச்சுக்குவாங்க.

உள்போடு எனக்கும் பிடிக்குது, பேச்சுல போட்டுக்கோங்க, யாரு வேணாங்குறா. ஆனா மேல்போடுனு சொல்லிப் பாருங்க, மேல கெடக்கிற எதோ சாமான் மாதிரி கேக்குது.

நான் சொன்ன செருகட்டையும் போகட்டும், அதுல அட்டைன்னு வந்தாலே வம்பு. 1930கள்ல இங்கிலாந்துல கென்சிட்டாஸ்னு ஒரு பிராண்டு, அவங்க பெட்டியில பூ போட்ட பட்டுத்துணி வச்சாங்க, ஒரு மடிச்ச காகிதத்துக்குள்ள நெசவு பண்ணின பூ. பட்டுத்துணிய அட்டைன்னு சொல்ல முடியுமா? இன்னொரு பக்கம் மருந்துப் பெட்டி, அதுக்குள்ள பத்து மடிப்பு மடிச்சு வச்சிருப்பாங்களே, நம்ம வீட்டுப் பாட்டிங்க படிக்காமலே சுருட்டிப் போடுற தாள், அதுவும் இன்செர்ட்தான். செருகல்னா கார்டு, தாள், துணி, கூப்பன் எல்லாத்துக்கும் சரியா உக்காருது.

மேற்செருகலுக்கு உதாரணம் தேடினேன். கேமல் சிகரெட்காரன் 1991லேருந்து 2007 வரைக்கும் நோட்டு மாதிரி ஒரு கூப்பன் குடுத்தான், பெட்டி முதுகுல, கண்ணாடித்தாளுக்கு அடியில. சேத்து வச்சுக் குடுத்தா சட்டை, லைட்டர்னு சாமான் கிடைக்கும். இதுதான் மேற்செருகல், கடையில பெட்டியத் திருப்பினாலே கண்ணுல படும். அதனாலதான் கடையில வச்சு ஆள இழுக்கிறவனுக்கு மேற்செருகல், வாங்கினவன மறுபடி வாங்க வைக்கிறவனுக்கு உட்செருகல்னு கையேட்டுல பிரிச்சு எழுதியிருக்கேன். டீச்சருக்கு இது பிடிக்காதுன்னு தெரியும், பக்கத்துலயே கனடா உட்செருகலோட படத்தையும் வரைஞ்சு போடுறேன், ஒரே அளவு, ஒரே எடம், எழுதியிருக்கிற சேதி மட்டும் தலைகீழ். பசங்கள ரெண்டையும் டிசைன் பண்ணச் சொல்லப் போறேன், ஆனா அச்சுக்குப் போறது ரெண்டாவது மட்டுந்தான்.

நாக்கு மாட்டுது விஷயம்: பேச்சுல வெறும் செருகல்னு சொன்னாப் போதும் தம்பி, மேற்செருகல்னா மட்டும் முழுசா சொல்லிக்குங்க.

ஈப்போவிலிருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியை

சரி தம்பி, படம் போடுறீங்கன்னா எனக்கு சம்மதம். ஆனா விளம்பர உட்செருகல்னு வர்ற எடத்துல எல்லாம் நம்ம நாட்டுல இதுக்குத் தடைன்னு ஒரு வரி இருக்கணும். அடிக்குறிப்பா சின்ன எழுத்துல போட்டு ஏமாத்தாதீங்க, அச்சகக்காரங்க வேலை எனக்குத் தெரியும். கனடா கார்டு மாதிரி இருக்கிறதுக்கு "நல உட்செருகல்"னு போடுங்க, சுகாதாரம்னா நீளமாப் போகுது.

பகாவ் அச்சகத்திலிருந்து

டீச்சர், தடைன்னு வர்ற வரி பெரிய எழுத்துலயே வரும், சத்தியமா. நல உட்செருகல் எடுத்துக்கிட்டேன்.

ஆக கையேட்டுல போறது: உட்செருகல், மேற்செருகல், விளம்பர உட்செருகல், நல உட்செருகல். கழுத்து மாதிரி வர்ற அந்த சின்ன அட்டைக்கு கழுத்தட்டைனே போட்டுட்டேன், யாரும் எதிர்ப்பு சொல்லல, சொல்ல மாட்டீங்கன்னும் நெனைக்கிறேன். ஈயத்தாள் ஈயமே இல்லன்னாலும் ஈயத்தாளாவே இருக்கட்டும், தோட்டத்துல அதச் சுருட்டி விளையாடாத ஆள் யாரு, அந்தப் பேர மாத்தினா என் அம்மாவே கேள்வி கேப்பாங்க.

மிச்சம் ஒண்ணு, கண்ணாடித்தாளப் பிரிக்கிறதுக்கு இழுக்கிற அந்தக் கோடு, டியர் டேப். கிழிநாடானு எழுதி வச்சிருக்கேன். பட்டர்வொர்த் ஐயா கிழிப்பு-இழைன்னு ஏதாவது எடுத்துட்டு வர்றதா இருந்தா திங்கக்கிழமைக்கு முன்னாடி வாங்க, அன்னிக்கு பிளேட் போடக் குடுக்குறேன்.